செடிகளுக்கு முகவரி தந்த அறை: மரியான் நார்த் கூடம் பிறந்த கதை

லண்டனின் தென்மேற்கே, கியூ தாவரவியல் பூங்காவில், பெரிய கண்ணாடி வீடுகளிலிருந்து சற்று விலகி ஒரு செங்கல் கட்டடம் நிற்கிறது. வெளியே தாழ்வாரம் ஓடுகிறது. உள்ளே நுழைந்தால் சுவர் என்று ஒன்று கண்ணில் படாது. கீழ்ப்பகுதியில் 246 வகை மரங்களின் பலகைகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. அதற்கு மேல் முழுக்க ஓவியங்கள். ஒன்றின் சட்டம் முடியும் இடத்தில் அடுத்ததன் சட்டம் தொடங்குகிறது. மொத்தம் 832. வரைந்தவர் ஒருவரே. எதை எங்கே மாட்டுவது என்று முடிவு செய்தவரும், கதவு நிலைகளில் பூவும் கொடியும் தீட்டியவரும், கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவரும் அவரே. மரியான் நார்த் என்ற அந்தப் பெண்மணி ஓவியப் பள்ளி எதிலும் படித்தவரல்லர்; பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்றவருமல்லர்.

ஓவியக்கூடங்கள் பொதுவாக யாரோ வாங்கிச் சேர்த்தவற்றுக்காக எழுபவை. இந்தக் கூடம் ஒரே ஒருவர் நடந்த தூரத்திலிருந்து எழுந்தது. அதனால்தான் அது பிறந்த விதம் சொல்லத் தகுந்தது.

1830 அக்டோபர் 24 அன்று இங்கிலாந்தின் தென்கடற்கரை ஊரான ஹேஸ்டிங்ஸில் மரியான் பிறந்தார். தந்தை பிரெடரிக் நார்த் அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். பணமும் செல்வாக்கும் உள்ள குடும்பம். இளம் வயதில் மரியானின் ஆசையெல்லாம் இசையின் மேல்தான். பாட்டுக்கென்றே பயிற்சி எடுத்தார்; குரல் கைவிட்டது. பிறகுதான் தூரிகை வந்தது. 1855இல் தாய் இறந்தார். அதன்பின் தந்தையும் மகளும் இணைபிரியாத பயணத் தோழர்களானார்கள். ஆல்ப்ஸ் மலை, சிரியா, எகிப்து என்று சுற்றினார்கள். போன இடமெல்லாம் மகள் வரைந்துகொண்டே இருந்தார்.

அந்தக் காலத்தில் தந்தையுடன் கியூவுக்கு அடிக்கடி போவதுண்டு. பூங்காவின் இயக்குநராக இருந்த சர் வில்லியம் ஹூக்கர் ஒருமுறை அம்ஹர்ஸ்டியா என்னும் பர்மிய மரத்தின் பூங்கொத்து ஒன்றை மரியானின் கையில் கொடுத்தார். சரஞ்சரமாகத் தொங்கும் செந்நிறப் பூக்கள். இங்கிலாந்தில் அந்த மரம் பூக்கத் தொடங்கியிருந்த காலம் அது. வெப்ப மண்டலத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆவலை அந்தக் கொத்துதான் பெருக்கியது என்று பின்னாளில் மரியான் எழுதினார். அந்த மரம் எந்த மண்ணில், எந்த மரங்களின் நடுவே, எந்த வெயிலில் நிற்கிறது என்பதைக் கையிலிருந்த கொத்து சொல்லவில்லை. அவர் வாழ்நாள் முழுக்கத் தேடிப்போனது அதைத்தான்.

1867இல் ராபர்ட் டவ்லிங் என்ற ஆஸ்திரேலிய ஓவியர் அவருக்கு எண்ணெய் வண்ணத்தில் வரையக் கற்றுக்கொடுத்தார். அது அவரை முழுதாகப் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு நீர்வண்ணத்தின் பக்கம் அவர் பெரிதாகத் திரும்பவில்லை.

இங்கே அன்றைய வழக்கத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாவர ஓவியம் என்றால் வெள்ளைத் தாள், நடுவில் ஒரு கிளை, பக்கத்தில் பூவை அறுத்துக் காட்டும் சிறு படங்கள், மெல்லிய நீர்வண்ணம். இனத்தை அடையாளம் காண அது மிகச் சிறந்த முறை. ஆனால் அந்தத் தாளில் செடிக்கு ஊர் கிடையாது, மழை கிடையாது, அக்கம்பக்கம் கிடையாது. ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரக் காப்பகத்துக்காக உலர்த்திய செடிகளிலோ நிறம் போய்விடும். புகைப்படம் அப்போது கறுப்பு வெள்ளைதான். ஒரு செடி உயிரோடு நிற்கும் இடத்தை அதன் நிறத்தோடு தூரதேசத்தில் இருப்பவருக்குக் காட்ட, ஓவியர் நேரில் போய் எதிரில் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

1869 அக்டோபரில் தந்தை இறந்தார். மரியானுக்கு 39 வயது. திருமணம் செய்துகொள்ளவில்லை, அதில் விருப்பமும் இல்லை. கையில் சொத்து இருந்தது. ஹேஸ்டிங்ஸ் வீட்டை விட்டுவிட்டு லண்டனில் ஒரு குடியிருப்பை வைத்துக்கொண்டார். 1871இல் கப்பலேறினார். அமெரிக்காவும் கனடாவும் பார்த்துவிட்டு, அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜமைக்காவில் இறங்கினார். கிங்ஸ்டனுக்கு மேலே மலையில், கைவிடப்பட்டுக் காடாகிப்போன பழைய தாவரவியல் தோட்டத்துக்குள் ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்தது. காலையில் வெளியே உட்கார்ந்து வரைவார். மழை வந்தால் உள்ளே வந்து தொடர்வார். மாலையில் மலைமேல் நடப்பார். அன்றிலிருந்து பதினான்கு ஆண்டுகள் அவருடைய நாள்கள் பெரும்பாலும் இப்படியே நடந்தன.

அடுத்தது பிரேசில். மினாஸ் ஜெராய்ஸ் பகுதியில் மோரோ வெல்யோ என்ற தங்கச் சுரங்க ஊரைத் தளமாக்கிக்கொண்டு எட்டு மாதம் தங்கினார். 1875இல் தெனெரீஃப் தீவு. அதே ஆண்டு ஆகஸ்டில் உலகைச் சுற்றக் கிளம்பினார்: கலிபோர்னியா, ஜப்பான், சிங்கப்பூர், போர்னியோவின் சரவாக், ஜாவா, இலங்கை. இலங்கையில் களுத்துறையில் ஜூலியா மார்கரெட் கேமரனின் வீட்டில் தங்கினார். புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான கேமரன் அங்கே அவரைப் படமெடுத்தார். தொழிலில் பெண்கள் அரிதாக இருந்த ஒரு காலத்தில், இரு பெரும் கலைஞர்கள் ஒரே தாழ்வாரத்தில் இருந்ததற்கு அந்தப் படங்கள் சாட்சி.

1877 செப்டம்பரில் இந்தியாவுக்குப் புறப்பட்டார். தூத்துக்குடியில் கரையேறி மதுரை, தஞ்சாவூர் என்று வடக்கே போனார். தஞ்சையில் மாவட்ட நீதிபதியாக இருந்த ஆர்தர் பர்னெல் அவரை வரவேற்றார். தஞ்சை அரண்மனை நூலகத்து வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர் பர்னெல். இன்று நாம் சரஸ்வதி மகால் என்று அறியும் நூலகம் அது. இந்துக்கள் புனிதமாகக் கருதும் செடிகொடிகளைப் பற்றி இருவரும் பேசினார்கள். அவற்றையெல்லாம் வரைந்துவிட வேண்டும் என்ற எண்ணம் மரியானுக்கு அங்கேதான் ஊன்றியது. கோயிலில் பூசைக்கு வரும் பூவையும் இலையையும் ஒரு தாவர வரிசையாகப் பார்க்கத் தூண்டிய உரையாடல் அது. அதன் பலனாகப் பிறந்த படங்கள் இன்று கியூவில் தொங்குகின்றன. பிறகு மேற்குக் கரை, வட இந்தியா, இமயமலை என்று பதினைந்து மாதங்களுக்கும் மேல் இந்தியாவில் சுற்றி, 1879இல் ஊர் திரும்பினார்.

இந்தப் பயணங்களின் பின்னால் இருந்ததையும் பார்க்க வேண்டும். ஆங்கிலேய ஆட்சியின் வலைப்பின்னல்தான் அவருக்கு வழி திறந்தது. ஆளுநர்கள், நீதிபதிகள், தோட்ட முதலாளிகள், சரவாக்கை ஆண்ட புரூக் குடும்பம் என்று அறிமுகக் கடிதம் போகாத வாசல் இல்லை. பெட்டியையும் பலகையையும் சுமந்தவர்கள், பல்லக்கு தூக்கியவர்கள், காட்டுக்குள் வழி காட்டியவர்கள் ஆகியோரின் பெயர்கள் அந்தச் சுவரில் இல்லை. உள்ளூர் மக்களைத் தன் வர்க்கத்தின் கண்ணால் அவர் பார்த்த இடங்கள் அவருடைய எழுத்தில் உண்டு. அவருடைய உழைப்பை மதிக்கும் நாம் அந்தப் பெயரில்லாதவர்களின் உழைப்பையும் சேர்த்தே மதிக்க வேண்டும். அந்த 832 படங்களுக்குள் அவர்களுடைய தோள்களும் இருக்கின்றன.

ஊர் திரும்பியபோது ஒரு நடைமுறைச் சிக்கல் காத்திருந்தது. படங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்துவிட்டன. வீட்டுக்குப் பார்க்க வரும் நண்பர்கள் கூட்டமும் பெருகியது. 1877இலேயே சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் கேட்டு அவருடைய படங்களில் ஏறத்தாழ 500ஐ இரவலாகக் காட்சிக்கு வைத்திருந்தது. 1879 கோடையில் லண்டன் காண்டுயிட் தெருவில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, நுழைவுக்கு ஒரு ஷில்லிங் வைத்தார். மக்கள் வந்தார்கள். அறை வாடகையில் பெரும்பகுதி வசூலிலேயே கிடைத்துவிட்டது. இந்தத் தொகுப்பு நிலையாகப் போய்ச் சேர வேண்டிய இடம் கியூ என்று ஒரு நாளிதழ் எழுதியது.

அந்த யோசனை அவருக்குள் வேலை செய்துகொண்டிருந்தது. 1879 ஆகஸ்ட் 11 அன்று ஷ்ரூஸ்பெரி ரயில் நிலையத்தில் வண்டியைத் தவறவிட்டார். அடுத்த வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில், அப்போது கியூவின் இயக்குநராக இருந்த சர் ஜோசப் ஹூக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். அன்று பூங்கொத்தைக் கொடுத்த வில்லியம் ஹூக்கரின் மகன்தான் ஜோசப். கடிதத்தின் சாரம் இதுதான்: என் படங்களைத் தருகிறேன், அவற்றை வைக்கக் கட்டடமும் என் செலவில் கட்டித் தருகிறேன், கியூவில் இடம் மட்டும் கொடுங்கள். வாசலிலிருந்து தள்ளி, நடந்து களைத்தவர்கள் உட்கார்ந்து ஓய்வெடுக்கும் இடமாக அது இருக்க வேண்டும்; வருபவர்களுக்குத் தேநீரோ காபியோ கிடைக்க வேண்டும் என்றும் கேட்டார்.

படங்களையும் கட்டடத்தையும் ஹூக்கர் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார். தேநீரை மட்டும் மறுத்துவிட்டார். அதற்குக் காரணம் இருந்தது. கியூவை அறிவியல் நிறுவனமாகக் காக்க அவர் போராடிக்கொண்டிருந்தார். காலை நேரத்தை ஆய்வாளர்களுக்கு ஒதுக்கி, பொதுமக்களைப் பிற்பகலில் மட்டும் அனுமதிக்கும் வழக்கம் அங்கே இருந்தது. விடுமுறை நாளில் திரளும் பல்லாயிரம் பேருக்கு நடுவே உணவும் பானமும் வந்தால் கட்டுப்படுத்த முடியாது என்று அவர் கருதினார். மரியான் வாதாடவில்லை. கூடத்தின் கதவுகளுக்கு மேலே தேயிலைச் செடியையும் காபிச் செடியையும் தீட்டி வைத்தார். கொடுக்க முடியாமற்போனதைச் சுவரில் எழுதிவிட்டார். இன்றும் அவை அங்கே இருக்கின்றன.

இந்தச் சிறு இழுபறியில் அந்தக் கூடத்தின் உயிர் தெரிகிறது. ஹூக்கரின் கண் முதலில் ஆய்வாளரைப் பார்த்தது. மரியான், கப்பலேற வழியே இல்லாத சாதாரண மனிதரை நினைத்தார். வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு பூங்காவுக்கு வருபவர், கால் வலிக்க நடந்து வந்து உட்கார்ந்து, பிரேசிலையும் ஜாவாவையும் கண்ணாரக் காண வேண்டும். கட்டணம் கூடாது. அவருடைய ஆசை அவ்வளவுதான்.

கட்டடத்தை வடிவமைத்தவர் ஜேம்ஸ் பெர்குசன். இந்தியக் கட்டடக்கலையின் வரலாற்றை எழுதியவர் என்று நம்மில் பலர் அறிந்த அதே பெர்குசன்தான். இளமையில் இந்தியாவில் வணிகம் செய்து, ஊர் ஊராகச் சென்று கோயில்களையும் குகைகளையும் வரைந்தவர் அவர். பழைய கிரேக்கக் கோயில்களுக்குள் வெளிச்சம் எப்படி வந்திருக்கும் என்பது பற்றி அவருக்கு ஒரு கருத்து இருந்தது. அதை இங்கே செய்து பார்த்தார். கூரைக்குக் கீழே உயரத்தில் சன்னல்களை வைத்து, ஒளி மேலிருந்து இறங்கிச் சுவர்களில் விழும்படி அமைத்தார். வெளித்தாழ்வாரம் மட்டும் இந்தியாவின் பங்களாக்களை நினைவூட்டும்.

கட்டடம் எழத் தொடங்கிய வேளையில் மரியான் சார்லஸ் டார்வினைச் சந்தித்தார். ஆஸ்திரேலியாவின் தாவரங்கள் வேறெங்கும் உள்ளவை போன்றவை அல்ல. அவற்றைப் பார்த்து வரையாமல் உலகத் தாவரங்களின் தொகுப்பு என்று எதையும் சொல்ல முடியாது என்றார் டார்வின். அரச கட்டளைபோல அதை ஏற்று, 1880இலேயே கிளம்பிவிட்டார். வழியில் மீண்டும் சரவாக், பிறகு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா, நியூசிலாந்து. 1881இல் திரும்பி வந்து அந்தப் படங்களை டார்வினின் வீட்டுக்கே கொண்டுபோய்க் காட்டினார். அடுத்த ஏப்ரலில் டார்வின் இறந்துவிட்டார். கூடத்தை அவர் பார்க்கவில்லை. அங்குள்ள ஆஸ்திரேலியப் பகுதி இருப்பதற்கு அவர்தான் காரணம்.

பிறகு தொடங்கியது கூடத்துக்குள் நடந்த வேலை. ஏறத்தாழ ஓராண்டு மரியான் அங்கே படங்களுக்குச் சட்டமிட்டு, ஒட்டி, பொருத்தி, வரிசைப்படுத்தினார். தாவரவியலாளர்களுக்குப் பழகிய வரிசை குடும்பம், பேரினம் என்று போகும். ஓவியக்கூடங்களுக்குப் பழகிய வரிசை காலம் அல்லது பாணி. அவர் இரண்டையும் விட்டுவிட்டு நாட்டு வாரியாக மாட்டினார். பிரேசில் ஒரு சுவர்ப்பகுதி, ஜப்பான் ஒன்று, இந்தியா ஒன்று. குறிஞ்சி என்றதும் மலையையும் நெய்தல் என்றதும் கடற்கரையையும் காணப் பழகிய தமிழ் வாசகருக்கு இந்த ஒழுங்கு உடனே விளங்கும். பூவை நிலத்திலிருந்து பிரிக்காமல் காட்டும் ஒழுங்கு அது. படங்களுக்கு இடையே இடைவெளி விடாததும் அதனால்தான். காட்டில் ஒரு மரத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே வெற்றுச் சுவர் கிடையாது. ஒவ்வொரு படத்தையும் தனியாகப் பார்த்துச் சில கலை விமர்சகர்கள் குறை சொன்னார்கள்: வண்ணம் அழுத்தமாக இருக்கிறது, நுணுக்கம் போதவில்லை என்று. அந்த அறையில் நிற்பவருக்குத் தெரியும், அது 832 படைப்புகள் அல்ல, ஒன்றே ஒன்று.

1882 ஜூன் 7 அன்று கூடம் திறக்கப்பட்டது. அப்போது 627 படங்கள். கியூவின் தாவரவியலாளர் ஹெம்ஸ்லி விளக்கக் கையேடு எழுதினார். அதன் முன்னுரையில் ஹூக்கர் கனமான ஒரு செய்தியைச் சொன்னார்: இந்தப் படங்களில் உள்ள காட்சிகளில் பல ஏற்கெனவே அழிந்துவருகின்றன, கோடரியும் காட்டுத்தீயும் குடியேறிகளின் ஏரும் மந்தையும் அவற்றைத் தின்றுவிடும், பிறகு அவற்றை இயற்கை மீண்டும் படைக்காது. மரியானும் இதைக் கண்ணால் கண்டவர். கலிபோர்னியாவில் பல நூற்றாண்டு வாழ்ந்த ரெட்வுட் மரங்கள் பலகைக்காக வெட்டிச் சாய்க்கப்படுவதைப் பார்த்து மனம் நொந்து எழுதியிருக்கிறார். பார்க்கப் போக முடியாதவர்களுக்காகக் கட்டிய அறை, இனிப் பார்க்கவே முடியாதவற்றின் பதிவாகவும் ஆகிவிட்டது.

அவர் வரைந்த படங்கள் அறிவியலுக்கு நேரடியாகவும் உதவின. 1876இல் சரவாக்கில் சுண்ணாம்புப் பாறைகளில் வளரும் ஒரு பெரிய குடுவைத் தாவரத்தை நண்பர் ஒருவர் கொண்டுவந்து கொடுக்க, அதை வரைந்தார். லண்டனில் அந்தப் படத்தைப் பார்த்த நாற்றங்கால் உரிமையாளர் ஹாரி வீச் வியந்துபோனார். இப்படியொன்றை எவரும் வளர்த்ததில்லை. உடனே சார்லஸ் கர்ட்டிஸ் என்ற சேகரிப்பாளரைப் போர்னியோவுக்கு அனுப்பிச் செடியைத் தேடிப் பிடிக்கச் செய்தார். 1881இல் ஹூக்கர் அதற்கு நெப்பந்தஸ் நார்தியானா என்று பெயரிட்டார். ஒரு படம் வழிகாட்டி, அதன் பின்னே அறிவியல் நடந்த கதை இது.

கூடம் திறந்த பிறகும் மரியான் ஓயவில்லை. ஆப்பிரிக்கா இன்னும் சுவரில் இல்லையே! அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். 1883இல் செஷல்ஸ் தீவுகள். அங்கே அவர் வரைந்த ஒரு மரம் புதிய பேரினம் என்று தெரியவந்து, நார்தியா என்று அவர் பெயரையே பெற்றது. காது கேட்பது குறைந்துகொண்டே வந்தது. நரம்புத் தளர்ச்சி வாட்டியது. இருந்தும் 1884இல் சிலி நாட்டின் மலைகளுக்குப் போனார். அரௌகாரியா என்ற ஊசியிலை மரங்களை அவற்றின் சொந்தக் காட்டிலேயே வரைந்தாக வேண்டும் என்ற பிடிவாதம். கூடத்தில் இன்னோர் அறையும் சேர்க்கப்பட்டது; திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் மறுபடி கழற்றி வரிசைப்படுத்தினார். 1886இல் குளோஸ்டர்ஷயரின் ஆல்டர்லி கிராமத்தில் தோட்டத்தோடு ஒரு வீட்டில் குடியேறி, 1890 ஆகஸ்ட் 30 அன்று அங்கேயே காலமானார். அவருடைய தன்வரலாற்றைத் தங்கை கேத்தரின் செம்மை செய்து 1892இல் வெளியிட்டார்.

ஈரமும் கூரைக் கசிவும் அந்தப் படங்களை நூறாண்டுகளுக்கு மேல் அரித்தன. 2008இல் பெரும் சீரமைப்பு தொடங்கியது. ஒவ்வொரு படத்தையும் இறக்கிச் சுத்தம் செய்து, கட்டடத்தைப் பழுதுபார்த்து, அவர் வைத்த இடத்திலேயே மீண்டும் மாட்டினார்கள்.

2021இல் இன்னொன்று நடந்தது. சரவாக் காட்டில் 1876இல் அவர் வரைந்த ஒரு படத்தில் நீலக் காய்களோடு ஒரு செடி இருக்கிறது. அது எந்த இனம் என்று எவராலும் பொருத்திச் சொல்ல முடியவில்லை. கியூவில் பணியாற்றிய தாவர ஓவியர் ஒருவர் அதைக் கவனித்துத் தேட, ஹெர்பேரியத்தில் கிடந்த உலர்ந்த மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, அறிவியலுக்குப் புதிய இனம் என்று உறுதி செய்தார்கள். சாஸலியா நார்தியானா என்று பெயர் வைத்தார்கள். தாவரவியல் படிக்காத ஒருவர், எதிரில் இருந்ததை அப்படியே மதித்து வரைந்ததால், 145 ஆண்டுகள் கழித்து ஒரு செடிக்குப் பெயர் கிடைத்தது.

மரியான் நார்த் கூடம் பிறந்த காரணமும் அந்த மதிப்புதான். செடியைப் பிடுங்கி வந்து காட்டுவதைவிட, செடி இருக்கும் இடத்துக்கு நாம் போய் நிற்பது மேல் என்று அவர் நம்பினார். போக முடியாத கோடிப் பேருக்காகத் தானே போய் நின்றார். காடுகள் சுருங்கும் இந்த நாள்களில் ஓர் இனத்தின் பெயரைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. அது வாழ்ந்த நிலத்தையும், அதன் அக்கம்பக்கத்தையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டும். அந்தப் பாடத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் அறை உலகில் வேறு இருப்பதாக நான் நினைக்கவில்லை.